நுரையீரலில் படிந்த கல்தூசிக்கு இழப்பீடு: சட்டம் தருவது என்ன, அது கை நழுவுவது எங்கே?

2025 நவம்பர் 21-ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் 1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டு) சட்டமும் அவற்றுள் ஒன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் கரைந்துவிட்டன. ராதாபுரம், வள்ளியூர், பழவூர் வட்டாரத்துக் கல்குவாரிகளிலும் கல் அரைக்கும் கிரஷர்களிலும் பல ஆண்டு உழைத்து, இன்று நான்கு படி ஏறினாலே இளைப்பு வாங்குகிறவர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: பழைய சட்டம் போய்விட்டதென்றால் நமக்கு வரவேண்டியதும் போய்விட்டதா?

போகவில்லை. தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு இழப்பீடு பெறும் உரிமை பழைய சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் அந்த உரிமை நெல்லைச் சீமையின் குவாரித் தொழிலாளியின் கைக்குப் பணமாக வந்து சேர்வதற்குள் எத்தனை இடங்களில் தட்டுப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

2022 மே 14 இரவு, முன்னீர்பள்ளத்தை அடுத்த அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கிக்கொண்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்கு ஒரு தேதி இருந்தது, ஓர் இடம் இருந்தது, யாருடைய குவாரி என்பதில் ஐயம் இல்லை. இருபது ஆண்டு பாறையில் துளை போட்ட ஒருவரின் நுரையீரல் மெல்ல இறுகிப் போவதற்கு இந்த மூன்றும் கிடையாது. எந்த நாளில் நடந்தது என்று சொல்ல முடியாது. எந்தக் குவாரியில் என்று சுட்ட முடியாது. யார் பொறுப்பு என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கை காட்டுவார்கள். தூசி நோய் இழப்பீட்டின் சிக்கல்கள் எல்லாம் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

எந்தத் தூசி, என்ன நோய்

எல்லாத் தூசியும் ஒன்றல்ல. கருங்கல்லிலும் அதைப் போன்ற பாறைகளிலும் குவார்ட்ஸ் என்னும் கனிமம் கலந்திருக்கிறது. ஊர்ப்புறத்தில் வெங்கச்சங்கல் என்பார்கள். அதன் வேதிப்பெயர் சிலிக்கா. பாறையைத் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் அரைக்கும்போதும் இந்தச் சிலிக்கா நுண்தூசியாகிக் காற்றில் கலக்கிறது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகிற தூசியின் அளவு 5 மைக்ரானுக்கும் கீழே. கண்ணில் படுகிற வெண்புழுதியை மூக்கும் சளியும் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றன. கண்ணில் படாததுதான் உள்ளே போய்த் தங்குகிறது. வாயை மூடிக் கட்டும் துண்டு இதை நிறுத்தாது.

உள்ளே போன துகளை உடலின் காவல் செல்கள் விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் செத்துப்போகின்றன. அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. இப்படி ஆயிரக்கணக்கான தழும்புகள் சேர்ந்து நுரையீரல் விரியும் தன்மையை இழப்பதே சிலிக்கோசிஸ். வழக்கமாகப் பத்து ஆண்டுக்கு மேல் தூசியில் இருந்தவர்களுக்கு வரும். தூசி மிகக் கடுமையாக இருந்தால் சில ஆண்டுகளிலேயே, சில சமயம் அதற்கும் முன்பே வந்துவிடும். விழுந்த தழும்பை ஆற்றும் மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் வளரக்கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டத்தில் கால வரம்பு பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

பஞ்சாலைத் தூசி வேறு வகை. விக்கிரமசிங்கபுரத்திலும் பேட்டையிலும் நூற்பாலைகளில் தலைமுறையாக வேலை பார்த்த குடும்பங்கள் உண்டு. பஞ்சைப் பிரித்து உதறும் புளோ ரூமிலும் இழையைச் சீவும் கார்டிங் பகுதியிலும் தூசி அதிகம். அங்கே வருவது பிசினோசிஸ். ஞாயிறு விடுமுறை கழிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சை இறுக்கிப் பிடிப்பதும், வாரம் நகர நகர அது தளர்வதும் இதன் தொடக்க அடையாளம். எக்ஸ்ரேயில் இதற்கென்று தனி அடையாளம் தெரியாது. வேலை வரலாற்றையும் மூச்சுத்திறன் பரிசோதனையையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தாழையூத்துப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் தூசியும் சிமெண்ட் தூசியும் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும், இருமலைத் தரும். ஆனால் அவை தாமாகவே சிலிக்கோசிஸ் உண்டாக்குவதில்லை. சுண்ணாம்புக்கல்லோடு எவ்வளவு குவார்ட்ஸ் கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பீடித் தூசியின் நிலைதான் வருத்தத்துக்குரியது. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் ஆலங்குளத்திலும் வீட்டுக்குள்ளேயே புகையிலைத் தூளோடு வாழும் பெண்கள் ஏராளம். புகையிலைத் தூசி என்ற பெயரில் தொழில்நோய்ப் பட்டியலில் நோய் எதுவும் இல்லை. தாவரத் தூசிகளைச் சுவாசிப்பதால் வரும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சி என்ற பொதுப் பதிவின் கீழ் முயன்று பார்க்கலாம், நிறுவுவது கடினம்.

டி.பி. என்று எழுதிய சீட்டு

சிலிக்கோசிஸ் நோயாளியின் இருமல், எடை குறைதல், மாலைக் காய்ச்சல், எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் தெரியும் புள்ளிகள் எல்லாம் காசநோய் போலவே இருக்கும். போதாக்குறைக்கு, சிலிக்கா தங்கிய நுரையீரலில் காசநோய்க் கிருமி எளிதில் பற்றிக்கொள்ளும். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கும் மருத்துவம் பெரும்பாலும் டி.பி. மாத்திரையோடு நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. ஆறு மாதம் மாத்திரை முடிந்தும் இளைப்பு தீரவில்லையென்றால் மீண்டும் அதே மாத்திரை.

மருத்துவக் கோணத்தில் மட்டுமல்ல, இழப்பீட்டுக் கோணத்திலும் இது பேரிழப்பு. காசநோய் யாருக்கும் வரும் நோய். அதற்கு முதலாளி பொறுப்பில்லை. சிலிக்கோசிஸ் தொழிலால் வந்த நோய். அதற்கு முதலாளி பொறுப்பு. சீட்டில் எழுதப்படும் ஒரு சொல் இங்கே பல லட்ச ரூபாய்க்குச் சமம். இரண்டும் சேர்ந்திருந்தாலும் உரிமை போகாது. சிலிக்கோசிஸோடு சேர்ந்த காசநோயைச் சட்டப் பட்டியலே தனியாகக் குறிப்பிடுகிறது. உடல் முடங்கியதற்கோ இறந்ததற்கோ சிலிக்கோசிஸ் முக்கியக் காரணமாக இருந்தது என்று காட்ட வேண்டும், அவ்வளவே.

ஆகையால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலோ வேறு எங்கோ மார்பு எக்ஸ்ரே எடுக்கும்போது, “இருபது வருஷம் குவாரியில் துளை போட்டேன், தண்ணீர் ஊற்றாமல் போட்டேன்” என்று மருத்துவரிடம் தாமாகவே சொல்லிவிடுவது நல்லது. கூட்டம் நிரம்பி வழியும் புறநோயாளிப் பிரிவில் மருத்துவர் தொழிலைக் கேட்காமல் விட்டுவிடலாம். சொன்னால் அது நோயாளியின் வரலாறாகச் சீட்டில் பதிவாகும். பிற்பாடு வழக்கில் அதற்கு மிகுந்த மதிப்பு உண்டு. தூசி நோய் எக்ஸ்ரேயைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வகுத்த தர அளவையின்படி படித்து எழுதுவது ஒரு தனிப் பயிற்சி. நெஞ்சக நோய்ப் பிரிவில் காட்டி அந்த அளவையில் அறிக்கை கேட்கலாம். அறிவிக்கப்பட்ட தொழில்நோயைக் கண்டறியும் மருத்துவர் அதைத் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டமும் சுரங்கச் சட்டமும் முதலிலிருந்தே கட்டாயமாக்கியிருந்தன என்பதையும் அறிந்துகொள்வது பயனுள்ளது.

நோயைச் சட்டம் எப்படி “விபத்து” ஆக்குகிறது

இழப்பீட்டுச் சட்டத்தின் முதுகெலும்பு “வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்து” என்ற சொற்றொடர். நோய் விபத்தல்ல. அதனால் சட்டம் ஒரு கற்பனையைச் செய்துகொள்கிறது: குறிப்பிட்ட தொழிலில் குறிப்பிட்ட காலம் இருந்தவருக்குக் குறிப்பிட்ட நோய் வந்தால், அதை விபத்தால் வந்த காயமாகவே கருத வேண்டும். இந்த நோய்கள் மூன்றாம் அட்டவணையில் மூன்று பகுதிகளாக உள்ளன.

1. அ பகுதி: வேலைக்காலம் எவ்வளவு என்ற நிபந்தனை இல்லாத நோய்கள்.

2. ஆ பகுதி: ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதமாவது வேலை செய்திருக்க வேண்டிய நோய்கள்.

3. இ பகுதி: மத்திய அரசு குறிக்கும் காலம் வரை, ஒரு முதலாளியிடமோ பல முதலாளிகளிடமோ வேலை செய்திருந்தால் போதும். தூசி நோய்கள் இங்கேதான் இருக்கின்றன: சிலிக்கோசிஸ், கல்நார்த் தூசியால் வரும் ஆஸ்பெஸ்டாசிஸ், சிலிக்கோசிஸோடு சேர்ந்த காசநோய், பஞ்சு மற்றும் நார்த் தூசியால் வரும் பிசினோசிஸ், கரும்புச் சக்கைத் தூசியால் வரும் பகாசோசிஸ்.

இந்தக் கற்பனையின் பயன் பெரிது. பட்டியலில் உள்ள நோய், அதற்குரிய தொழில், உரிய காலம் என்ற மூன்றையும் தொழிலாளி காட்டிவிட்டால், நோய் வேலையால்தான் வந்தது என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. “அவர் பீடி குடிப்பார், அதனால் வந்தது” என்று முதலாளி சொன்னால், அதை நிரூபிக்கும் சுமை முதலாளியின் தலையில். காலம் குறைவாக இருந்தாலும் கதவு அடைபடுவதில்லை. அப்போது வேலையால் வந்ததைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டும்.

குழிக்கு ஒரு சட்டம், கிரஷருக்கு ஒரு சட்டம்

பணம் யாரிடமிருந்து வரும் என்பது, தொழிலாளி எங்கே நின்று வேலை செய்தார் என்பதைப் பொறுத்தது. பழைய முறையில் இது விசித்திரமான கோடு.

வெடி வைத்துப் பாறை எடுக்கும் குவாரி, சட்டத்தின் கண்ணில் சுரங்கம். ஈ.எஸ்.ஐ. சட்டமோ சுரங்கத்தைத் தொழிற்சாலைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆக, குழிக்குள் துளை போட்டவருக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை, முதலாளி நேரடியாகத் தரவேண்டிய இழப்பீடு மட்டுமே. சற்றுத் தள்ளி, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனிக் கிரஷரில் ஜல்லி அரைத்தவருக்கோ, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. உண்டு. குழியை ஒட்டியே நிற்கும் கிரஷர் சுரங்கத்தின் பகுதியா, தனித் தொழிற்சாலையா என்பதிலேயே வழக்கின் முதல் வாதம் தொடங்கிவிடக்கூடும்.

இரண்டு வழிக்கும் வேறுபாடு இதுதான். ஈ.எஸ்.ஐ.யில் மருத்துவக் குழு ஊனத்தின் அளவை நிர்ணயிக்கும். முழு ஊனத்துக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் என்ற கணக்கில் மாதாமாதம் ஆயுள் முழுக்க வரும். பகுதி ஊனத்துக்கு அதற்கேற்ற விகிதம். இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை. முதலாளி சந்தா கட்டவில்லை என்பதற்காகத் தொழிலாளியின் உரிமை போய்விடாது. ஈ.எஸ்.ஐ. கழகம் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளும். இழப்பீட்டு வழியில் ஒரே தவணையாக ஒரு தொகை; அதையும் முதலாளியிடமிருந்தோ அவருடைய காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தோ போராடிப் பெற வேண்டும். ஈ.எஸ்.ஐ. உள்ளவர் இழப்பீட்டு வழியில் போக முடியாது.

புதிய தொகுப்பில் “நிறுவனம்” என்ற சொல்லின் விளக்கத்துக்குள் சுரங்கமும் வருகிறது. பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கு ஈ.எஸ்.ஐ. பொருந்தும், ஆபத்தான தொழில் என்று அரசு அறிவித்தால் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் பொருந்தும். குவாரித் தொழிலாளியைப் பொறுத்தவரை புதிய சட்டத்தில் உண்மையிலேயே எதிர்பார்க்க வேண்டிய மாற்றம் இதுவே. இதற்கான அறிவிக்கைகளைத் தொழிற்சங்கங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்: ஒரு கணக்கு

இழப்பீட்டு வழியில் கணக்கு மூன்று எண்களால் ஆனது: மாதக் கூலி, வயதுக்குரிய பெருக்கெண், இழந்த சம்பாத்தியத் திறனின் சதவீதம்.

நாள் கூலி 900 ரூபாய், மாதம் 26 நாள் வேலை, வயது 45 என்று ஒரு துளை போடுபவரை வைத்துக்கொள்வோம். அவர் கூலி 23,400 ரூபாய். ஆனால் 2020 ஜனவரி 3 அறிவிக்கையின்படி கணக்கில் எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு 15,000 ரூபாய். 45 வயதுக்குரிய பெருக்கெண் 169.44.

1. முழுமையான, நிரந்தரமான ஊனம்: கூலியில் 60 சதவீதம், அதாவது 9,000 ரூபாய், பெருக்கல் 169.44. மொத்தம் 15,24,960 ரூபாய்.

2. இறப்பு: கூலியில் 50 சதவீதம், அதாவது 7,500 ரூபாய், பெருக்கல் 169.44. மொத்தம் 12,70,800 ரூபாய். ஈமச் செலவு தனி.

3. சம்பாத்தியத் திறனில் 40 சதவீத இழப்பு: முதல் தொகையில் 40 சதவீதம், 6,09,984 ரூபாய்.

பணம் கொடுக்கவேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. நியாயமான காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதி வரை கூடுதலாகவும் விதிக்கலாம். மருத்துவச் செலவை முதலாளி தனியாகத் திருப்பித் தர வேண்டும் என்ற விதி 2009 திருத்தத்திலிருந்து உண்டு.

மூன்றாவது எண்ணில்தான் தொழிலாளிகள் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது என் கருத்து. நுரையீரல் 30 சதவீதம் பாதிப்பு என்று மருத்துவர் எழுதினால், இழப்பீடும் 30 சதவீதம் என்று பேசி முடித்துவிடுவது எளிது. சட்டம் கேட்பது உடலின் சதவீதத்தை அல்ல, சம்பாதிக்கும் திறனின் சதவீதத்தை. சிலிக்கோசிஸ் வந்தவர் மறுபடி தூசிக்குள் போகவே கூடாது. துளை போடுவதைத் தவிர வேறு தொழில் அறியாதவருக்கு, 30 சதவீத நுரையீரல் பாதிப்பு முழுத் தொழில் இழப்பாக முடியலாம். இடக்கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், அந்தத் தொழிலை அவர் இனிச் செய்யவே முடியாது என்பதால் அதை முழு ஊனமாகவே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் அரை நூற்றாண்டுக்கு முன்பே கூறிவிட்டது. இந்தத் தீர்ப்பைத் தூசி நோய் வழக்கில் எடுத்து வைக்காமல் விடுவது தவறு.

கை நழுவும் மூன்று இடங்கள்

முதலாவது, தேதி. கோரிக்கையை இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். எந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு? நோய்க்கு விபத்து நாள் இல்லையே. சட்டம் இதற்குச் சில விடைகள் வைத்திருக்கிறது. நோயால் தொடர்ச்சியாக வேலைக்கு வராமல் நின்ற நாட்களில் முதல் நாளே விபத்து நாள். வேலைக்குப் போய்க்கொண்டே பகுதி ஊனம் அடைந்தவருக்கு, ஊனத்தை முதலாளிக்குத் தெரிவித்த நாளிலிருந்து கணக்கு. வேலையை விட்டு இரண்டு ஆண்டுக்குள் நோயின் அறிகுறி தோன்றினால், அறிகுறி முதலில் கண்டறியப்பட்ட நாள். வேலையை விட்ட பின்னும் வளர்கிற நோய்க்கு இந்த இரண்டு ஆண்டு போதாது. ஐந்தாறு ஆண்டு கழித்து எக்ஸ்ரேயில் தெரிந்தால் என்ன செய்வது? போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் அதிகாரிக்கு உண்டு. இத்தனை நாள் டி.பி. என்று நம்பி மருந்து சாப்பிட்டேன், சிலிக்கோசிஸ் என்று இன்னின்ன தேதியில்தான் தெரிந்தது என்பது பொருத்தமான காரணம். பழைய டி.பி. சீட்டுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டியது அதனால்தான்.

தேதி தொகையையும் மாற்றும். மேலே சொன்ன அதே தொழிலாளியின் விபத்து நாள் 2020 ஜனவரி 3-க்கு முன் என்று முடிவானால், உச்சவரம்பு 8,000 ரூபாய்தான். அவருடைய 15,24,960 ரூபாய் 8,13,312 ரூபாயாகச் சுருங்கிவிடும்.

இரண்டாவது, முதலாளி. கல் தொழிலில் ஒரே குவாரியில் வாழ்நாளைக் கழிப்பவர் அரிது. குத்தகை முடிந்தால் அடுத்த குவாரி, மேஸ்திரி மாறினால் அடுத்த ஊர். “என்னிடம் மூன்று வருஷம்தான் இருந்தார்” என்று ஒவ்வொருவரும் கை விரிக்கலாம். இதையும் சட்டம் முன்பே யோசித்திருக்கிறது. இ பகுதி நோய்களில், பல முதலாளிகளிடம் வேலை செய்திருந்தால் அத்தனை பேரும் பொறுப்பு. யார் எவ்வளவு என்பதை விசாரணை அதிகாரி பிரித்து வைப்பார். ஒப்பந்தக்காரர் வழியாக வந்த ஆள் என்றாலும், வேலை யாருக்காக நடந்ததோ அந்த உரிமையாளரிடமே கேட்கலாம். அவர் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்வது அவர்கள் இருவருக்குள் உள்ள கணக்கு. மனுவில் நினைவிருக்கும் எல்லா முதலாளிகளையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துவிடுவது பாதுகாப்பு.

மூன்றாவது, வேலை செய்ததற்கான அத்தாட்சி. முதல் இரண்டுக்கும் சட்டத்திலேயே மருந்து இருக்கிறது. இதற்கு இல்லை. வாரக்கூலியைக் கையில் எண்ணிக் கொடுத்து, பெயரைக் குறிப்பு நோட்டில் எழுதிக் கிழித்துப் போடும் இடத்தில், “இவர் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை” என்ற ஒரு வரி வழக்கை முடித்துவிடும். பழைய சுரங்கச் சட்டப்படி ஆள் பதிவேடு இருந்திருக்க வேண்டும். சேரும்போது ஒரு மருத்துவப் பரிசோதனையும், பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனையும் நடந்திருக்க வேண்டும். இவை நடந்திருந்தால் அத்தாட்சிப் பிரச்சினையே எழாது. நடக்காத இடத்தில் தொழிலாளி தானே சேர்த்துவைத்த துண்டுக் காகிதங்கள்தான் துணை:

1. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை. கல் உடைப்பவர், கல் வெட்டுபவர், கல் அரைப்பவர் அந்த வாரியத்தின் தொழில் பட்டியலில் இருக்கிறார்கள். முதலாளி யார் என்பதை இது காட்டாது. தொழில் என்ன என்பதைக் காட்டும்.

2. வங்கிக் கணக்கிலோ கைப்பேசி வழியாகவோ கூலி வந்திருந்தால் அந்தப் பதிவு. முன்பணம் வாங்கியபோது எழுதிய சீட்டும் இதில் சேரும்.

3. டிப்பர் ஓட்டியவரானால், தன் பெயரோ வண்டி எண்ணோ உள்ள கனிம நடைச்சீட்டின் (கல் ஏற்றிச் செல்லும் அனுமதிச் சீட்டின்) நகல்.

4. பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களின் வாக்குமூலம். அவர்களும் இருமிக்கொண்டிருப்பார்கள், தாமதித்தால் சாட்சியே இல்லாமல் போகும் வேதனை இந்தத் தொழிலில் உண்டு.

வெள்ளைத்தாளில் கைநாட்டு

ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கொடுத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்வதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. ஒட்டுமொத்தத் தொகை பேசி முடித்தாலும் அந்த உடன்பாட்டை விசாரணை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்று கண்டால் அவர் பதிவை மறுக்கலாம். இறப்புக்கான இழப்பீட்டை மனைவி கையில் நேரடியாகக் கொடுத்துவிட்டதாகச் சொல்வதும் கணக்கில் சேராது. பணம் அதிகாரியிடம் செலுத்தப்பட்டு, அவர் வாரிசுகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்துப் பேசி முடித்த குடும்பங்கள்கூட, கால வரம்பு கடக்கவில்லையென்றால் மனு போட முடியும்.

நெல்லை மாவட்டத்தில் இதுவரை இந்த மனுக்களை விசாரித்துவந்தவர் தொழிலாளர் துறையின் துணை ஆணையர். அவர் முடிவின் மேல் சட்டப் பிரச்சினை இருந்தால் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளைக்கு மேல்முறையீடு. முதலாளி மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் விதிக்கப்பட்ட தொகையை முதலில் கட்டிவிட்டுத்தான் செய்ய முடியும். பழைய சட்டத்தின் கீழ் தொடங்கிய வழக்குகள் புதிய தொகுப்பால் அழிந்துவிடவில்லை.

நோயாளி இறந்துவிட்டால் குடும்பத்தார் செய்யத் தயங்குகிற, ஆனால் மிக முக்கியமான ஒன்று உடற்கூறாய்வு. உயிரோடிருந்தபோது சிலிக்கோசிஸ் என்று எழுதப்படாதவருக்கு, நுரையீரல் திசுவே கடைசிச் சாட்சி. துக்க வீட்டில் இதைப் பேசுவது கொடுமை என்பது உண்மைதான். இருந்தாலும், இழப்பீடு கேட்கும் எண்ணம் இருந்தால் அடக்கத்துக்கு முன்பே மருத்துவமனையில் கேட்டாக வேண்டும்.

முதலாளியே தெரியாதவருக்கு

அத்தாட்சி எதுவுமே இல்லாதவரை இழப்பீட்டுச் சட்டம் கைவிட்டுவிடுகிறது. அவர்களுக்காக வேறு வழி தேடிய மாநிலங்கள் உண்டு. மத்தியப் பிரதேசத்திலிருந்து குஜராத்தின் கோத்ராவுக்குப் போய் வெங்கச்சங்கல் அரைத்து, திரும்பி வந்து இறந்த 238 பழங்குடித் தொழிலாளர்களின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தருமாறு 2016-இல் உச்ச நீதிமன்றம் குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது. ராஜஸ்தான் 2019-இல் தூசி நோய்களுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. சிலிக்கோசிஸ் என்று மருத்துவக் குழு சான்றளித்தால் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் 2 லட்சம். யாரிடம் வேலை செய்தாய் என்ற கேள்வி அங்கே பணத்துக்குக் குறுக்கே நிற்பதில்லை.

இதற்கான பணம் எங்கே என்று கேட்கலாம். ராஜஸ்தான் பெருமளவு நம்பியிருப்பது மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியை. 2015-ஆம் ஆண்டின் கனிமச் சட்டத் திருத்தத்தால் வந்த ஏற்பாடு இது. கனிமம் எடுப்பவர்கள் செலுத்தும் தொகையில் ஒரு பங்கு, அந்த மாவட்டத்திலேயே பாதிக்கப்பட்ட மக்களுக்குச் செலவிடப்பட வேண்டும். முன்னுரிமைத் துறைகளில் மருத்துவமும் ஒன்று. திருநெல்வேலி மாவட்டத்திலும் இந்த அறக்கட்டளை இருக்கிறது. குவாரியிலிருந்து முறையாக வெளியேறும் ஒவ்வொரு லோடு கல்லுக்கும் அதில் பங்கு சேர்கிறது. அந்த நிதியில் ஓர் எக்ஸ்ரே வண்டியும், படத்தைத் தூசி நோய் அளவையில் படிக்கப் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரும் வள்ளியூரிலிருந்து மானூர் வரை குவாரி ஊர்களுக்கு மாதம் ஒருமுறை போய்வந்தால், டி.பி. மாத்திரையில் நின்றுபோகக்கூடிய பல சீட்டுகளில் சரியான நோயின் பெயர் ஏறும். இரண்டு ஆண்டுக் கால வரம்பு கடந்துபோவதற்கு முன்பே ஏறும்.